ஓரடி பைப்பும் ஒரு தீர்மானமும்: நகர்மன்றத்தில் மேம்பாட்டுக் கட்டண விவாதம்

மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் இன்னும் முழங்கால் தண்ணீர். கடைசி வீட்டுப் பாட்டி திண்ணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முன்னல்லாம் வந்தா வடிஞ்சிடும் தம்பி. இப்ப நின்னுக்கினே இருக்குது" என்றார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருக்கும் கல்வெர்ட்டுக்குப் போனேன். சாலைக்கு அடியில் ஓடும் சிமென்ட் பைப்பின் வாய் சரியாக ஓரடி. கையை உள்ளே விட்டால் அடியில் நாலு விரல் உயரத்துக்கு வண்டல்.

வீட்டு பிளான் போட்டு அப்ரூவல் வாங்கித் தருவது என் தொழில். கட்டணம் ஏறினால் முதலில் என்னிடம்தான் கோபப்படுவார்கள், ஏனென்றால் செலான் எடுத்துக் கொடுப்பவன் நான். ஆனால் அந்தத் தெருவில்தான் என் அக்கா குடும்பமும் இருக்கிறது. கட்டடக் கட்டணங்களை உயர்த்துவது பற்றி நகர்மன்றத்தில் நடந்த இந்த விவாதத்தின் இரண்டு பக்கமும் எனக்கு வலிக்கும். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நேர்மை.

ஊர், பழைய வட ஆற்காட்டில் ஒரு நகராட்சி. 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றான பகுதிக்குள் வருகிறது. பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்தது இந்தப் பகுதியின் எந்த நகராட்சியிலும் நடக்கக்கூடியது. அங்கிருப்பவர்கள் எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்களும்கூட.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

தெருவுக்கு மேற்கே முன்பு ஏரிப் பாசன நஞ்சை. பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் இது தெரிந்த கதைதான். ஆற்றில் வருஷக்கணக்கில் மணல்தான் தெரியும், ஏரிக்கு வரவு குறையும், பயிர் வைப்பது நிற்கும், நிலம் கைமாறும், கல் நடுவார்கள். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையும் காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருப்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க மனைக்கு எப்போதும் ஆள் உண்டு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோதுதான், எந்த நிலம் எதற்காகத் தாழ்ந்து கிடந்தது என்று பலருக்கும் நினைவு வந்தது.

அந்த நஞ்சையில் 4 ஏக்கர் மனைப்பிரிவாக மாறியது. உள்ளே எல்லாமே முறைப்படி. 30 அடிச் சாலை, இருபக்கமும் கால்வாய், தெருவிளக்குக் கம்பம், சாலைகளை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரம். எதிலும் குறை சொல்ல முடியாது. கால்வாய் மட்டும் மனைப்பிரிவின் எல்லைக் கல்லோடு முடிகிறது. அங்கிருந்து தண்ணீர் எங்கள் ஓரடி பைப்புக்கு வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். தோராயக் கணக்குதான், ஆனால் எந்த ஓவர்சியரும் இப்படித்தான் போடுவார். 4 ஏக்கர் என்பது ஏறத்தாழ 16,200 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த நிலத்தில் விழும் தண்ணீர் சுமார் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 67 லோடு. வயலாக இருந்தபோது வரப்பு பிடித்துக்கொள்ளும், மண் குடிக்கும். வெளியே ஓடுவது பத்தில் மூன்று பங்கு என்று வைத்தால் நொடிக்கு 67 லிட்டர். 200 அடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்துப் பதித்த ஓரடி பைப், வண்டல் இல்லாவிட்டால், நொடிக்குச் சுமார் 68 லிட்டர் எடுக்கும். அந்தக் காலத்தில் பைப் போட்டவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. வயலுக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

இப்போது கூரை, தார்ச்சாலை, சிமென்ட் பூசிய வாசல் எல்லாம் வந்துவிட்டன. பத்தில் ஏழு பங்கு வெளியே ஓடும். அது நொடிக்கு 157 லிட்டர். மீதி 90 லிட்டருக்கு எங்கே வழி? பாட்டி வீட்டுத் திண்ணைதான்.

ஓரடிக்குப் பதில் ஒன்றரை அடி பைப் போட்டால் இந்தத் தண்ணீர் முழுவதையும் எடுத்துவிடும். சாலையை வெட்டிப் பைப்பை மாற்ற வேண்டும், கீழே ஏரி வரைக்கும் கால்வாயைத் தூர் வார வேண்டும். அதற்கு ஆகும் பணத்தை யார் தருவது என்பதுதான் மன்றத்துக்குப் போன கேள்வி.

மன்றத்துக்கு வந்த பொருள்

2024 வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு நடந்த சாதாரணக் கூட்டத்தில் இந்தப் பொருள் வந்தது. கட்டட உரிமக் கட்டணத்தையும் சாலை வெட்டுக் கட்டணத்தையும் உயர்த்துவது, மேம்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தும்படி அரசுக்குப் பரிந்துரைப்பது. இரண்டும் ஒரே தீர்மானத்தில். காரணம் என்ற இடத்தில் "நகரின் வளர்ச்சிக்கேற்ப அடிப்படை வசதிகளை மேம்படுத்தும் பொருட்டு" என்று ஒரே வரி. எங்கள் தெருவின் பெயர் அதில் இல்லை, பைப்பும் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், கவுன்சிலர்களில் பாதிப் பேருக்கே இது குழப்பமாக இருந்தது. மேம்பாட்டுக் கட்டணம் என்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. நிலத்தின் உபயோகம் மாறும்போதும் கட்டடம் எழும்பும்போதும் வாங்குவது. பெரிய கட்டடங்களுக்கு இதே சட்டத்தில் 2007இல் சேர்த்த உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் தனியாக உண்டு. இவற்றை நகர்மன்றம் தன் விருப்பத்துக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது, கேட்கத்தான் முடியும். மன்றத்தின் கையில் உள்ளவை உரிமக் கட்டணம், சாலை வெட்டுக் கட்டணம், குடிநீர் இணைப்புக்கான வைப்புத்தொகை மாதிரியானவை. அதிலும் அரசு விதியின் வரம்பு உண்டு. ஆக, தீர்மானத்தின் ஒரு பாதி உத்தரவு, மறு பாதி மனு.

வெளியூர்களில் "இம்பாக்ட் ஃபீ" என்று சொல்வது இந்தக் கட்டணங்களின் உறவுக்காரன்தான். ஹைதராபாத்தில் உயரமான கட்டடங்களுக்கு அந்தப் பெயரிலேயே வாங்குகிறார்கள். குஜராத்தில் அதே பெயர் அனுமதியில்லாத கட்டடத்தை வரன்முறைப்படுத்தக் கட்டும் பணத்தைக் குறிக்கும். பெயர் ஒன்று, பொருள் வேறு. அதனால் பெயரை விட்டுவிட்டு, புதிதாகக் கட்டுபவரால் ஊருக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

யார் என்ன பேசினார்கள்

பார்வையாளர் பெஞ்சில் நானும் எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் எதிர்ப்பு. 2022 ஏப்ரலில்தான் சொத்து வரி ஏறியது, மறுபடியும் மக்கள் தலையில் கை வைப்பதா என்று ஒரு கவுன்சிலர் கேட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் என்று அப்போது ஏற்றினார்கள். 2024இல் அதன் மேல் இன்னொரு 6 சதவீதம். 15ஆவது நிதிக் குழுவின் மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற நிபந்தனை அதன் பின்னால் இருந்தது. ஆனால் வரி கட்டும் மக்களுக்கு நிபந்தனை தெரியாது, ரசீதுதான் தெரியும்.

அடுத்து எழுந்தவர், ஒன்றரை சென்ட்டில் வீடு கட்டும் கொத்தனாரும் நாலு மாடி லாட்ஜ் கட்டுபவரும் ஒன்றா என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. ஆனால் இடம் கொஞ்சம் மாறிவிட்டது. 2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டினால் ஆன்லைனில் உடனே அனுமதி. கட்டணங்களையும் சேர்த்துச் சதுர அடிக்கு ஒரே தொகையாக வைத்துவிட்டார்கள். சின்ன வீடுகளில் பெரும்பாலானவை அந்த வழியில் போய்விடும். மன்றம் உயர்த்தப் போகும் கட்டணம் உண்மையில் விழப்போவது லாட்ஜ், வணிக வளாகம், அடுக்குமாடி, மனைப்பிரிவு இவற்றின் மேல். கொத்தனாரைக் காட்டிப் பெரிய கட்டடத்தைக் காப்பாற்றும் வேலை அங்கே நடந்தது. பேசியவருக்கே அது தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கனமாகப் பட்டது. நகராட்சி எல்லை முடியும் இடத்தில் ஊராட்சி ஆரம்பிக்கிறது. இங்கே கட்டணம் ஏறினால் மனை போடுபவர்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி அங்கே போய்விடுவார்கள், தண்ணீர் மட்டும் அதே ஏரிக்கு, அதே கால்வாய் வழியாக வரும் என்றார் மூத்த கவுன்சிலர் ஒருவர். அவர் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை முழுப் பதில் கிடைக்கவில்லை. மேம்பாட்டுக் கட்டணத்தை ஊர் எல்லையை வைத்துப் பார்க்காமல் ஏரியின் வடிநிலத்தை வைத்துப் பார்த்தால்தான் அதற்கு விடை வரும். அதை ஒரு நகர்மன்றம் தனியாகச் செய்ய முடியாது.

ஆதரித்துப் பேசியவர்கள் வெள்ளத்தைச் சொன்னார்கள், படம் காட்டினார்கள். ஒருவர் பாட்டி வீட்டுத் திண்ணையையே செல்போனில் தூக்கிப் பிடித்தார். அப்புறம், கட்டணத்தை ஏற்றினால் இது சரியாகிவிடும் என்றார். அந்த இடத்தில்தான் எங்கள் வார்டு கவுன்சிலர் எழுந்தார். என் கூடப் பிறந்தவர் இல்லை, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர்.

பழைய பணம்

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். கையில் ஒரு சின்ன நோட்டு. "தலைவர் அவர்களே, புதுசா எவ்வளவு வாங்கணும்னு அப்புறம் பேசலாம். ஏற்கெனவே வாங்கின பூங்காப் பணம் எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்றார். அவை ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது.

அவர் கேட்டது ஓ.எஸ்.ஆர். பணம், அதாவது மனைப்பிரிவில் திறந்தவெளிக்கென்று ஒதுக்க வேண்டிய நிலத்துக்குப் பதிலாகக் கட்டும் பணம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே தர வேண்டும். சென்னைப் பெருநகரில் இதே மாதிரி இருந்த விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 3,000க்கும் 10,000க்கும் நடுவே இருந்தால் நிலத்துக்குப் பதில் வழிகாட்டி மதிப்புப்படி, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலைப்படி, பணம் கட்டிவிட வழி உண்டு.

எங்கள் தெருவுக்கு மேற்கே வந்த 4 ஏக்கரும் ஒரே கோப்பாக வந்திருந்தால் ஒரு பூங்கா கிடைத்திருக்கும், மழையில் கொஞ்சம் தண்ணீர் நிற்க ஒரு பள்ளமாவது இருந்திருக்கும். அது 2 ஏக்கர் 2 ஏக்கராக இரண்டு கோப்பாக வந்தது. 2 ஏக்கர் என்றால் 8,094 சதுர மீட்டர், பத்தாயிரத்துக்குக் கீழே. சட்டத்தில் தப்பு எதுவும் இல்லை. பணம் கட்டினார்கள், அப்ரூவல் ஆனது. இரண்டு கோப்பும் வந்தது, 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்திருந்த காலத்தில். 2023 ஏப்ரலில்தான் அது பழைய நிலைக்குத் திரும்பியது. ஆக, கட்டிய பணமும் குறைவு. (74 சென்ட்டுக்குள் துண்டு துண்டாக அப்ரூவலுக்கு வைத்தால் அந்தப் பணமும் கட்ட வேண்டாம் என்பது என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போட்டுத் தரச் சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள்.)

கணக்கர் எழுந்து, வந்த தொகை நகராட்சி நிதியில்தான் இருக்கிறது என்றார். தனிக் கணக்கிலா என்று அக்கா கேட்டார். பதில் இழுத்தது. சம்பளம், குடிநீர் மோட்டார் கரண்ட் பில், குப்பை அள்ளும் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் பணம் போகும் அதே பையில்தான் இதுவும் போட்டிருந்தார்கள். எடுத்துத் தின்றுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் நடப்பதற்குத்தான் செலவாகியிருக்கிறது. ஆனால் பூங்காவுக்கென்று வாங்கிய பணம் பூங்காவாக வரவில்லை, கால்வாயாகவும் வரவில்லை.

இந்த இடம்தான் இந்த நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். விவாதம் முழுக்க எத்தனை ரூபாய் என்பதில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டது எந்தப் பை என்று.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் மண்ணில் எழுந்த வழக்கிலேயே பேசப்பட்டது. 1954இல் சென்னை இந்து அறநிலைய ஆணையருக்கும் ஷிரூர் மடத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: வரி பொதுச் செலவுக்கு, கட்டணம் ஒரு குறிப்பிட்ட சேவைக்கு. வாங்கும் பணத்துக்கும் செய்யும் வேலைக்கும் தொடர்பு வேண்டும். பிற்பாடு 1983இல், பைசா பைசாவாகப் பொருந்த வேண்டியதில்லை, பொதுவான தொடர்பு போதும் என்று தளர்த்தினார்கள். தளர்த்தினாலும் தொடர்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. பொதுப் பையில் போட்டுவிட்டால் அந்தத் தொடர்பை எங்கே போய்க் காட்டுவது?

கடல் கடந்தும் இதே சண்டைதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுண்டியில், தன் நிலத்தில் ஆலையில் செய்த வீடு ஒன்றைக் கொண்டுவந்து வைக்க அனுமதி கேட்டவரிடம் சாலைக் கட்டணமாக 23,420 டாலர் வாங்கினார்கள். ஊருக்கெல்லாம் ஒரே அட்டவணை, அதன்படி வாங்கினோம் என்றது உள்ளாட்சி. 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, அட்டவணை போட்டு வாங்கினாலும் சோதனை உண்டு என்றது. கட்டணத்துக்கும் கட்டடத்தால் வரும் பாதிப்புக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும், அளவும் ஓரளவு பொருந்த வேண்டும் என்று 1987, 1994 தீர்ப்புகளில் வைத்த சோதனை அது. 23,420 அதிகமா இல்லையா என்று அந்த நீதிமன்றம் தீர்க்கவில்லை. கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அவர்கள் சட்டம் நமக்குப் பொருந்தாது, சரி. ஆனால் அந்தக் கேள்வியை நம் கல்வெர்ட்டில் வைத்துப் பார்க்கலாம். 157இல் 67 லிட்டர் பழைய தண்ணீர், அது ஊரின் பொறுப்பு. வண்டலும் ஊரின் பொறுப்பு. புதிய 90 லிட்டர்தான் மனைப்பிரிவின் பொறுப்பு. பைப்பை மாற்றும் முழுச் செலவையும் புதிதாக மனை வாங்கியவர் தலையில் கட்டினால் அதுவும் அநியாயம்தான்.

முடிவு என்ன ஆனது

அக்கா ஒரு திருத்தம் கொடுத்தார். கட்டணம் உயரட்டும், ஆனால் ஓ.எஸ்.ஆர். பணத்துக்கும் உயர்த்தும் கட்டணத்துக்கும் தனி வங்கிக் கணக்கு வேண்டும், வார்டு வாரியாகப் பதிவேடு வேண்டும், எந்தக் கோப்பில் வந்த பணம் எந்த வேலைக்குப் போனது என்று, வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையில் வைக்க வேண்டும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் தொடங்கிய ஏரியா சபைகள் எங்கள் ஊரிலும் நடக்கின்றன. பெரும்பாலும் தெருவிளக்கும் நாய்த் தொல்லையும் பேசிவிட்டுக் கலைகிறோம். இந்தப் பதிவேடு வந்தால் அங்கே பேச உருப்படியாக ஒன்று இருக்கும்.

தீர்மானம் நிறைவேறியது. திருத்தம் நிறைவேறவில்லை, நிராகரிக்கப்படவும் இல்லை. "ஆணையரின் குறிப்புக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதிவிட்டார்கள். நகராட்சி அலுவலகத்தில் நடமாடும் எவருக்கும் இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்: கிடப்பில் போட்டாயிற்று.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தை உயர்த்தியது சரி. நாலு மாடி எழுப்புபவரும் மனை விற்பவரும் ஊரின் கால்வாயை இனாமாக உபயோகிக்க, அதற்கான விலையைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கொடுக்கக் கூடாது. ஆனால் வரிசை தப்பிவிட்டது. முதலில் தனிக் கணக்கு, அடுத்து எந்தெந்தக் கல்வெர்ட்டு எத்தனை லிட்டர் எடுக்கும் என்று வார்டு வாரியாக ஓர் அளவுப் பட்டியல், அதன்பிறகே கட்டணம். அளக்காமல் வைத்த கட்டணம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அதைக் கட்டச் சொல்லி வாடிக்கையாளரிடம் செலானை நீட்டும்போது, சார் இது எதுக்கு என்று அவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஏற்கெனவே நிலம் வாங்கிவிட்டு பிளானோடு காத்திருந்தவர்களுக்கு ஆறு மாதமாவது அவகாசம் கொடுத்திருக்கலாம். நிலம் வாங்கும்போது கட்டணம் தெரிந்திருந்தால் விலையில் பேசிக் குறைத்திருப்பார்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கைப்பணத்தில் கட்டுகிறார்கள். அப்படி இரண்டு பேரை எனக்கே தெரியும். ஒருவர் மாடிப் படிக்கட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

கூட்டத்துக்குப் பிறகு அக்காவும் நானும் கல்வெர்ட்டுக்கு இன்னொரு தடவை போனோம். நான் ஒரு பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தேன். இருக்கும் ஓரடி பைப், போட வேண்டிய ஒன்றரை அடி பைப், சாலையில் வெட்ட வேண்டிய நீளம், ஏரி மதகு வரைக்கும் தூர் வார வேண்டிய தூரம். அதன் பின்பக்கத்தில் அவர் தன் கையெழுத்தில் எழுதினார்: மேற்குப் பக்க மனைப்பிரிவு, கோப்பு 1, கோப்பு 2, கட்டிய ஓ.எஸ்.ஆர். தொகை எவ்வளவு, இன்றைய இருப்பு எவ்வளவு. அந்தத் தாளை இரண்டு ஜெராக்ஸ் எடுத்தார். ஒன்றை அடுத்த மாதக் கூட்டத்துக்கான கேள்வியாக மன்றப் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டார்.

பைப் இன்னும் ஓரடிதான். பாட்டி வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.